நிக்காஹ்வுக்கு எத்தனை சாட்சி?

மதீனாவில் ஒரு நாள் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் என்ற வணிகர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தார். அவர் மேல் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. என்ன விவரம் என்று நாயகம் விசாரித்தார்கள். அன்சாரிப் பெண் ஒருவரை மணமுடித்திருப்பதாக அவர் சொன்னார். மணமகன் பெண்ணுக்குக் கொடுக்கும் மஹர் என்ன கொடுத்தீர் என்று அடுத்து கேட்டார்கள். பேரீச்சங்கொட்டை எடைக்குத் தங்கம் என்றார். அப்படியானால் ஓர் ஆட்டையாவது அறுத்து வலீமா விருந்து கொடுக்கும்படி சொன்னார்கள். மணப்பெண் பூசியிருந்த குங்குமப்பூ கலந்த வாசனைப் பூச்சுதான் அந்த மஞ்சள் என்பது ஹதீஸ் உரையாசிரியர்கள் தரும் விளக்கம்.

புது மாப்பிள்ளை வாயைத் திறக்கும் முன்பே கறை முந்திக்கொண்டு செய்தியைச் சொல்லிவிட்டது. இஸ்லாமியத் திருமணத்தில் இது சாதாரண விஷயமில்லை. நிக்காஹ் என்பது ஓர் ஒப்பந்தம். ரகசியமாக நடக்கக் கூடாத ஒப்பந்தம். இஸ்லாமியச் சட்ட மரபுகளில் ஒன்றான ஹனஃபி சட்டத்தில் இரண்டு சாட்சிகள் காதால் கேட்காத நிக்காஹ் செல்லாது. மாலிகி மரபின் அறிஞர்கள் ஊருக்குத் தெரியப்படுத்துவதையே முக்கியமாக வைத்தார்கள். திருமணத்தைப் பகிரங்கமாக அறிவியுங்கள், தஃப் என்ற பறையைக் கொட்டுங்கள் என்ற கருத்தில் நபிமொழிகளும் உண்டு.

தருமபுரி மாவட்டத்தில் ஒரு நிக்காஹ்வுக்குப் போனால் இந்தப் பகிரங்க அறிவிப்பைக் கண்ணால் பார்க்கலாம். பழைய பாரமகால் சீமையின் பகுதி இது. ஹைதர் அலி, திப்பு சுல்தான் கையில் இருந்து, 1792 ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் ஆங்கிலக் கம்பெனிக்குப் போன மண். தருமபுரி, பாலக்கோடு, பென்னாகரம், அரூர் பக்கங்களில் தக்னி உருது பேசும் குடும்பங்களும் உண்டு, தமிழ் பேசும் குடும்பங்களும் உண்டு. ஒரு வீட்டில் மெஹந்தி, இன்னொரு வீட்டில் மருதாணி. மணமான பெண்ணின் கழுத்தில் ஒரு வீட்டில் லச்சா, இன்னொரு வீட்டில் கருகமணி.

நிக்காஹ் என்னவோ சில நிமிட வேலைதான். பெண் உள்ளே பெண்களோடு உட்கார்ந்திருப்பாள். பெண்ணின் சார்பில் பேசும் வக்கீலும் இரண்டு சாட்சிகளும் போய், இன்னார் மகனை இவ்வளவு மஹருக்கு மணக்கச் சம்மதமா என்று கேட்பார்கள். அவள் சம்மதம் சொல்லிக் கையெழுத்துப் போடுவாள். வெளியே ஹஜ்ரத் குத்பா ஓதி முடித்ததும் மாப்பிள்ளை ‘கபூல்’ சொல்வார். துஆ ஓதுவார்கள், பேரீச்சம்பழம் கைக்குக் கை போகும். ஒப்பந்தம் முடிந்தது. மிச்சமுள்ள இரண்டு மூன்று நாள் ஆரவாரமும் எதற்கு? ஊருக்குச் சொல்வதற்கு. ஒலியாக, ஒளியாக, மணமாக, நிறமாக, எழுத்தாகச் சொல்கிறார்கள். ஒவ்வொரு சாட்சிக்கும் ஓர் ஆயுள் உண்டு. அந்த ஆயுளைத் தீர்மானிப்பது இயற்பியலும் வேதியியலும்.

நொடிகள்: தஃப்

ஆயுள் மிகக் குறைந்த சாட்சிகளில் ஒன்று ஒலி. மரவளையத்தின் ஒரு பக்கம் மட்டும் தோல் கட்டிய தஃபை, தப்ஸ் என்றும் சொல்வார்கள். மாப்பிள்ளை ஊர்வலத்தில் பைத் என்ற பாட்டைப் பாடிக்கொண்டு வந்தால், வார்த்தை புரிவதற்கு முன் கொட்டு கேட்டுவிடும். காரணம் அலைநீளம். 150 ஹெர்ட்ஸ் அதிர்வுள்ள தாழ்ந்த ஒலியின் ஓர் அலை இரண்டு மீட்டருக்கு மேல் நீளம். வீட்டுச் சுவரும் தெருமுனையும் அதற்குப் பெரிய தடையில்லை, வளைந்து போய்விடும். பேச்சைப் புரியவைக்கும் மெய்யெழுத்து ஒலிகளின் அலையோ பத்துப் பதினைந்து சென்டிமீட்டர்தான். அவை முனையிலேயே நின்றுவிடும். காற்றும் அவற்றைச் சீக்கிரம் விழுங்கிவிடும். அடுத்த தெருக்காரர் பாட்டைக் கேட்கமாட்டார்; கல்யாணம் நடக்கிறது என்பதை மட்டும் கேட்டுவிடுவார். அறிவிப்புக்கு அது போதும்.

ஒரு கணம்: கண்ணாடி

தக்னி உருது பேசும் குடும்பங்கள் பலவற்றில் நிக்காஹ்வுக்குப் பிறகு ஆர்சி முஸ்ஹஃப் என்றும் ஜல்வா என்றும் சொல்லும் சடங்கு நடக்கும். மாப்பிள்ளையையும் பெண்ணையும் அருகருகே உட்கார வைத்து, தலைக்கு மேல் ஒரே துணியைப் போர்த்துவார்கள். எதிரே குர்ஆனும் ஒரு கண்ணாடியும். இருவரும் திரும்பிப் பார்த்துக்கொள்ளக் கூடாது. ஒருவர் முகத்தை மற்றவர் கண்ணாடியில்தான் பார்க்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டுக்குள் ஒளியியலின் ஒரு விதி ஒளிந்திருக்கிறது. ஒளி எந்தப் பாதையில் போகிறதோ அதே பாதையில் திரும்பியும் வரும். பெண்ணின் கண்ணிலிருந்து புறப்பட்டுக் கண்ணாடியில் பட்டு மாப்பிள்ளையின் கண்ணுக்கு வரும் கதிருக்கு, அதே வழியில் மறுபக்கம் போகவும் உரிமை உண்டு. ஆகவே அவர் கண்ணாடியில் அவள் கண்ணைப் பார்த்தால், அவளும் அதே நேரத்தில் அவர் கண்ணைப் பார்க்க முடியும். கூடத்தில் இருக்கும்போது தலைகுனிந்த பெண்ணை மாப்பிள்ளை பார்க்கலாம், அவளுக்குத் தெரியாமலே. கண்ணாடி வழியாகக் கண்ணைப் பார்ப்பதில் அந்தத் திருட்டுத்தனம் நடக்காது. ஊருக்குச் சொல்லும் சாட்சிகளுக்கு நடுவே, ஒருவருக்கு ஒருவர் மட்டும் சொல்லிக்கொள்ளும் சாட்சி இது ஒன்றுதான். அதுவும் சரிபாதியாகவே சொல்ல வைக்கிறது.

சில மணி நேரம்: தம்

மண்டபத்தின் பின்பக்கம் விடிகாலையிலேயே விறகு எரியத் தொடங்கிவிடும். தேக்சா என்ற பெரிய பாத்திரத்தில் நூறு பேருக்கோ ஐந்நூறு பேருக்கோ பிரியாணி. வீட்டில் ஒரு கிலோ அரிசிக்கு ஊற்றும் தண்ணீர்க் கணக்கை அப்படியே பெருக்கினால் ஐம்பது கிலோ தேக்சாவில் பிரியாணி குழைந்துவிடும். பிரியாணி மாஸ்டர்கள் இதை அனுபவத்தில் அறிவார்கள். பாத்திரம் பெரிதாகப் பெரிதாகத் தண்ணீரைக் குறைப்பார்கள். அரிசி உறிஞ்சும் தண்ணீர் அதன் எடைக்கு ஏற்றதுதான், அதில் மாற்றமில்லை. ஆவியாகப் போகும் தண்ணீர்தான் கணக்கை மாற்றுகிறது. பாத்திரத்தின் நீள அகல உயரத்தை இரண்டு மடங்காக்கினால் கொள்ளளவு எட்டு மடங்காகும், ஆவி வெளியேறும் மேற்பரப்பு நான்கு மடங்குதான் ஆகும். அதாவது ஒவ்வொரு கிலோவும் இழக்கும் ஆவி பாதியாகிவிடும்.

அரிசி முக்கால் பதம் வந்ததும் மூடியைப் போட்டு, ஓரத்தை மாவால் அடைத்து, மேலே நெருப்புக்கங்கை அள்ளிக் கொட்டுவார்கள். இதுதான் தம். கீழேயும் மேலேயும் ஒரே அளவு சூடு. உள்ளே அடைபட்ட நீராவி. கடல் மட்டத்திலிருந்து 450 மீட்டருக்கு மேல் இருக்கும் தருமபுரியில் தண்ணீர் 100 பாகைக்குச் சற்று முன்பே கொதித்துவிடும் என்றாலும், ஆட்டுக்கறியின் கெட்டியான கொலாஜன் மெல்ல ஜெலட்டினாக இளகுவதற்கு 70, 80 பாகையே போதும். அவசரம்தான் ஆகாது.

மூடியைத் திறக்கும் நொடியில் மண்டபத்து முன்வாசல் வரை மணம் போகும். மணக்கும் அரிசி வகைகளின் வாசனைக்கு முக்கிய காரணம் 2-அசிட்டைல்-1-பைரோலின் என்ற ஒரு சின்ன மூலக்கூறு. ரம்பை இலையின் மணமும் இதுதான். தண்ணீரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். நிற்காமல் பறந்துபோவதும் இதன் குணம். பந்தி முடியும்போது இந்தச் சாட்சி பாதி கலைந்திருக்கும்.

ஓர் இரவு: குண்டுமல்லி

மாப்பிள்ளையின் முகத்தை மறைக்கும் சேஹ்ராவுக்குப் பூ வெளியூரிலிருந்து வர வேண்டியதில்லை. மல்லியும் சாமந்தியும் இந்த மாவட்டத்தின் வயல்களிலேயே விளைகின்றன. மல்லியை விடிகாலையில் மொட்டாகத்தான் பறிப்பார்கள். மொட்டுக்கு வாசனை கிடையாது. முகர்ந்து பார்த்தால் பச்சை இலை மணம்தான் வரும். சாயங்காலம் இதழ் விரியும்போதுதான் பூ தன் மணத்தைத் தயாரிக்கவே தொடங்குகிறது. இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளை அழைப்பதற்கான ஏற்பாடு அது. காம்பை விட்டுப் பிரித்த பிறகும் பூ இந்த வேலையை நிறுத்துவதில்லை. நாரில் தொடுத்து, கூடையில் வைத்து, மாப்பிள்ளையின் நெற்றியில் கட்டிய பிறகும் மணத்தைத் தயாரித்துக்கொண்டே இருக்கும்.

அந்த மணத்தில் பென்சைல் அசிட்டேட், லினலூல் என்ற இனிப்பான பொருள்களோடு இண்டோலும் உண்டு. செறிவாக முகர்ந்தால் இண்டோல் அருவருப்பான நாற்றம். மலத்திலும் அது இருக்கிறது. துளியளவு இருக்கும்போதோ அதுதான் மல்லிக்கு அந்தக் கனத்த, கிறங்க வைக்கும் குணத்தைத் தருகிறது. விடிந்தால் பூ பழுப்பேறிவிடும்.

சில நாட்கள்: சந்தனமும் மஞ்சளும்

வருகிறவர்களின் கையில் தடவும் அத்தருக்கு ஆயுள் இன்னும் அதிகம். மரபான அத்தரின் அடித்தளம் சந்தன எண்ணெய். அதன் முக்கியப் பொருளான சாண்டலால் பெரிய மூலக்கூறு, எளிதில் ஆவியாகாது. ரோஜாவோ மல்லியோ அதோடு கலந்தால், அவற்றின் இலேசான மூலக்கூறுகளையும் பிடித்து நிறுத்தி வைக்கும். துவைக்காத ஜிப்பாவின் கழுத்துப் பட்டையில் நாலு நாள் கழித்தும் கல்யாணம் மணக்கும். சந்தன மரம் அரூரை ஒட்டிய சித்தேரி மலையில் வளர்வது. பாரமகால் கைமாறிய அதே 1792இல்தான் திப்பு சுல்தான் சந்தனத்தை அரசு மரமாக அறிவித்தார்.

நிக்காஹ்வுக்கு முந்தைய நாட்களில் பெண்ணுக்கு மஞ்சள் பூசும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. மஞ்சளின் குர்குமின் பளிச்சென்று ஒட்டும், சட்டென்று போயும்விடும். மஞ்சள் பூசிய கையைத் துடைத்த வெள்ளைத் துணியை எடுத்துப் பாருங்கள். சோப்புப் போட்டதும் கறை செங்கல் நிறமாகிப் பயமுறுத்தும். சோப்பின் காரத்தில் குர்குமின் மூலக்கூறு ஹைட்ரஜனை இழந்து, ஒளியை வேறு விதமாக உறிஞ்சுவதால் வரும் மாற்றம் அது. அலசினால் மறுபடி மஞ்சளாகிவிடும். பிறகு அதே துணியை மத்தியான வெயிலில் காயப்போட்டால் மாலைக்குள் கறை மங்கியிருக்கும். வெயிலே குர்குமினைத் துண்டு துண்டாக உடைத்துவிடுகிறது. தோலின் மேலும் அதன் கதை அதுதான். ஒட்டிக்கொண்டிருக்குமே தவிர, தோலோடு வேதிப் பிணைப்பு எதையும் ஏற்படுத்திக்கொள்வதில்லை. இரண்டு மூன்று குளியலில் முடிந்துவிடும்.

வாரங்கள்: மருதாணி

இங்கேதான் மருதாணி வேறுபடுகிறது. மருதாணி இலையைச் செடியிலிருந்து பறித்து விரலில் தேய்த்தால் பச்சைக் கறைதான் வரும். சிவப்பு அதற்குள் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. சாயத்துக்குரிய மூலக்கூறு சர்க்கரை மூலக்கூறோடு இணைந்து செயலற்றுக் கிடக்கும். இலையை அம்மியில் அரைத்து, எலுமிச்சைச் சாறோ புளித்தண்ணீரோ விட்டு ஊறவைத்தால் அந்தப் பிணைப்பு மெல்ல அறும். விடுபட்டது காற்றோடு கலந்து லாசோன் என்ற ஆரஞ்சு நிறப் பொருளாகும். இலையில் இது நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான்.

அந்தத் துளி லாசோன் தோலில் இறங்கியதும் அங்குள்ள கெரட்டின் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. மஞ்சளைப் போல் சும்மா ஒட்டாது. வேதிப் பிணைப்பே போட்டுக்கொள்ளும். சோப்பும் தண்ணீரும் அதை அசைக்க முடியாது. அதைக் கையிலிருந்து விலக்க ஒரே வழி, அந்தத் தோலே உதிர்வதுதான். நம் தோலின் மேலடுக்கு செத்த செல்களால் ஆனது. அது நாளும் உதிர்ந்து, சில வாரங்களில் முழுவதும் புதிதாகிவிடும். மருதாணியின் ஆயுள் அந்த அடுக்கின் ஆயுள். உள்ளங்கையிலும் பாதத்திலும் இந்த அடுக்கு மற்ற இடங்களைவிடப் பல மடங்கு தடிமன். அங்கே சிவப்பு அடர்ந்து பிடிப்பதும், மணிக்கட்டு தாண்டினால் வெளிறித் தெரிவதும் அதனால்தான். நன்றாகச் சிவந்தால் புருஷன் அன்பாக இருப்பான் என்று கிழவிகள் சொல்வார்கள். சிவப்பைத் தீர்மானிப்பது கையின் வெதுவெதுப்பும், தோலின் தடிமனும், எத்தனை மணி நேரம் காயவிட்டார்கள் என்பதும்.

மருதாணி இரவை நிக்காஹ்வுக்கு ஓரிரு நாள் முன்னால் வைக்கிறார்களே, அதில் ஒரு துல்லியம் இருக்கிறது. காய்ந்த விழுதை உதிர்த்த காலையில் கை வெறும் ஆரஞ்சு நிறத்தில்தான் இருக்கும். பெண் ஏமாந்து போவாள். அன்று தண்ணீரில் கை வைக்காதே என்று பெரியவர்கள் தடுப்பார்கள். காற்றுப் படப்பட நிறம் கறுத்துக்கொண்டே போய், 24 முதல் 48 மணி நேரத்தில் உச்சத்துக்கு வரும். அதாவது அவள் கையெழுத்துப் போடும் நேரத்துக்கு. லாசோன் என்ற பெயரை ஒரு தடவையும் கேள்விப்படாமல் இந்தக் கணக்கைத் தலைமுறை தலைமுறையாகச் சரியாகப் போட்டிருக்கிறார்கள்.

இப்போது அவசரத்துக்கு ‘பிளாக் மெஹந்தி’ கோன் வந்துவிட்டது. அரை மணியில் கறுப்பு. மருதாணியால் அந்த நிறத்தை அவ்வளவு சீக்கிரம் தர முடியாது. அதில் பெரும்பாலும் இருப்பது பாரா-ஃபினைலீன்டையமைன் என்ற தலைச்சாயப் பொருள். சிலருக்குத் தோல் கொப்பளித்துவிடும். ஒருமுறை ஒவ்வாமை வந்தால் பிறகு தலைச்சாயம் கூட ஆயுளுக்கும் ஆகாமல் போகலாம். ஆரஞ்சில் தொடங்காத மருதாணியை நம்ப வேண்டாம்.

மாதங்கள்: நகம்

கையில் சிவப்பு போன பிறகும் நகத்தில் நிற்கும். நகமும் கெரட்டின்தான், ஆனால் அது உதிராது, வளரும். கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் மூன்று மில்லிமீட்டர் வளர்கிறது. மருதாணி வைத்த நாளில் அடிவரை சிவந்திருந்த நகம், மாதம் ஒன்று கழித்து அடியில் வெள்ளைப் பிறை காட்டும். அந்தப் பிறை ஒன்பது மில்லிமீட்டர் உயரம் என்றால் நிக்காஹ் நடந்து மூன்று மாதம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அத்தைக்கு ஸ்கேல் வேண்டாம். ஒரு பார்வையில் ‘இப்பத்தான் கல்யாணம் ஆச்சா?’ என்று கேட்டுவிடுவார். கட்டைவிரலின் நுனிச் சிவப்பும் வெட்டுப்பட்டுப் போக ஆறு மாதம் ஆகும்.

ஆயுள்: கருகமணி

தமிழ் பேசும் முஸ்லிம் வீடுகளில் கருகமணி, தக்னிக் குடும்பங்களில் லச்சா. தங்கக் குண்டுகளுக்கு நடுவே கறுப்பு மணி கோத்த மாலை. மார்க்கத்தின் கட்டளை என்பதைவிட, இந்த மண்ணின் வழக்கம் என்றே இதைச் சொல்ல வேண்டும். மருதாணி, மஞ்சள் நிறமெல்லாம் கரிம மூலக்கூறுகளின் நிறம். ஒளியும் காற்றும் காலப்போக்கில் அவற்றைச் சிதைக்கும். கண்ணாடி மணியின் கறுப்பு, கண்ணாடிக்குள் அடைபட்ட உலோக அயனிகளின் நிறம். அதை வெயில் தொடாது. புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் செய்த கண்ணாடி மணிகள் இன்றும் நிறம் மாறாமல் கிடைக்கின்றன. உருகிய கண்ணாடியைக் குழலாக இழுத்து நறுக்கி மணியாக்கும் அதே பழைய முறை ஆந்திரத்தின் பாபாநாயுடுபேட்டையில் நம் காலம் வரை தொடர்ந்து வந்திருக்கிறது. நூல் அறுந்து போகலாம், மணி வெளுக்காது.

ஆயுளுக்கு அப்பால்: பதிவேடு

எல்லாச் சாட்சிகளையும் மிஞ்சி நிற்பது ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடு. பெண், மாப்பிள்ளை, பெண்ணின் காப்பாளரான வலீ, வக்கீல், இரண்டு சாட்சிகள், மஹர் தொகை. ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். அந்தக் காலத்தில் எழுதப் பயன்பட்ட கடுக்காய் மசியும் மருதாணியைப் போலவே காற்றுப்பட்டுக் கறுப்பது. கடுக்காயின் டானினும் இரும்பு உப்பும் சேர்ந்த மசி, எழுதும்போது வெளிறியிருந்து, காகித இழைக்குள் இறங்கிய பிறகு ஆக்ஸிஜனோடு சேர்ந்து அழியாத கறுப்பாகும். தோல் நாளும் உதிரும், காகிதம் அப்படி உதிராது. அதனால் அதன் சாட்சியம் தலைமுறை தாண்டும்.

அது தாண்டத்தான் வேண்டும். ஏனென்றால் இந்த ஆரவாரம் முழுவதும் பாதுகாக்க நினைப்பது அந்தப் பக்கத்தில் இருக்கும் ஒரு எண்ணைத்தான். மஹர் பெண்ணுக்கு மட்டுமே சொந்தம். அவள் தகப்பனுக்குக்கூட அதில் பங்கில்லை. ஹனஃபி சட்டத்தில் அதன் குறைந்தபட்சம் பத்து திர்ஹம், சுமார் 30 கிராம் வெள்ளி. மஹ்ரே ஃபாத்திமி என்று பலர் விரும்பி வைக்கும் 500 திர்ஹம், சுமார் ஒன்றரைக் கிலோ வெள்ளி. உடனே கொடுப்பதும் உண்டு, பிறகு தருவதாக ஒப்புக்கொள்வதும் உண்டு. தள்ளிவைத்த மஹர் கணவன் மேல் நிற்கும் கடன். அவர் இறந்தால், சொத்தை வாரிசுகள் பிரிக்கும் முன் அந்தக் கடனைத் தீர்த்தாக வேண்டும். முப்பது வருடம் கழித்து ஒரு விதவை அதைக் கேட்கும்போது, கொட்டுச் சத்தமும் மல்லிப்பூவும் அவள் பக்கம் பேச வராது.

அரசாங்கமும் இதே வழிக்குத்தான் வந்திருக்கிறது. 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி எந்த மதத்துத் திருமணமானாலும் 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். நகத்தில் மருதாணி பாதி நிற்கும்போதே அந்தக் கெடு முடிந்துவிடும்.

ஆகவே மண்டபத்திலிருந்து கிளம்பும் முன் பெண் வீட்டார் ஒரு காரியம் செய்வது நல்லது. பதிவேட்டில் மஹர் கட்டம் எண்ணாலும் எழுத்தாலும் நிரம்பியிருக்கிறதா, கொடுத்தாயிற்றா பாக்கியா என்று குறித்திருக்கிறதா என்று பார்த்து, ஒரு நகலும் வாங்கிக்கொள்ள வேண்டும். மற்ற சாட்சிகளெல்லாம் தாமாகவே ஓடிவந்து சொல்லிவிடும். இது ஒன்றுதான், யாராவது திறந்து படித்தால் மட்டும் பேசும்.